புள்ளி வைத்த அலை

எனக்கும் என் நாத்தனாருக்கும் வீட்டில் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாது. ஜன்னலை நான் திறந்தால் அவள் வந்து மூடுவாள். துணியை நான் உள்பக்கம் வெளியே தெரியக் காயப்போட்டால், அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் போடுவாள். என் கணவருக்கு ஒரே தங்கை, எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள், ஆகவே இந்தச் சண்டைக்கு லீவே கிடையாது. ஆனால் வேலைக்கு வந்து காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால் எங்களைப் போல ஒத்துப்போகிறவர்களை அந்தக் கட்டடத்தில் விளக்கு வைத்துத் தேடினாலும் பார்க்க முடியாது. ஒத்துப்போவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளமே.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எதற்காகக் குதிக்கிறேன் என்று உங்களுக்குப் புரியாது. மேலண்ணம் பிளந்து பிறக்கும் குழந்தைகளுக்கு எங்கள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து அண்ணத்தைத் தைக்கிறார்கள். தைத்துக் கொஞ்சகாலம் ஆனபின் குழந்தையைப் பேசவைத்துப் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவைக் கேட்டு எழுதுவது எங்கள் வேலை. குழந்தை என்ன சொல்கிறது என்பதை அல்ல, எப்படிச் சொல்கிறது என்பதை. இதற்கென்றே உலகத்துக்குப் பொதுவாக ஒரு எழுத்து வரிசை இருக்கிறது. அந்த எழுத்துகளின் தலையிலும் காலடியிலும் சின்னச் சின்னக் குறிகள் ஒட்டிக்கொள்ளும். நாக்கு பல்லில் பட்டால் எழுத்துக்குக் கீழே பல் மாதிரி ஒரு குறி. குரல் மங்கினால் கீழே ஒரு வளையம். குரல் மூக்குக்குள் ஏறினால் மேலே ஒரு அலை.

இன்னொன்று இருக்கிறது. வாய்க்குள் அடைபட்டு நிற்க வேண்டிய காற்று மூக்கு வழியாகக் கசிந்து, உஸ்ஸென்று ஒரு மெல்லிய சத்தம் வரும். அப்போது எழுத்தின் தலையில் அதே அலையைப் போட்டு, அதற்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி வைத்த அலை என்போம். கடுகுக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். ஆனால் முடிவு செய்வது அந்தக் கடுகுதான். ஒரு குழந்தையின் தாளில் அது நிறைய இருந்தால் தையல் போதவில்லை, மறுபடி அறுவை சிகிச்சை வேண்டும் என்று அர்த்தம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

ஒரே ஒரு காதை நம்பிக் குழந்தையின் வாயில் கத்தி வைக்க முடியாது. அதனால் இரண்டு காது. நான் ஒரு அறை, அவள் பக்கத்து அறை. ஒரே பதிவைத் தனித்தனியாகக் கேட்டு எழுதுவோம். இருவரும் எழுதி முடித்து அனுப்பும்வரை அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, நூற்றுக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பார்கள். எங்களுக்கு எப்போதும் தொண்ணூறை ஒட்டியே வரும். ஒருதரம் தொண்ணூற்றிரண்டு வந்தது, அதுதான் உச்சம். போதாததற்கு, மாதம் ஒருமுறை நாமே முந்தைய மாதம் எழுதிய பதிவு ஒன்றை மறுபடி எழுதி, நம்மோடு நாமே ஒத்துப்போகிறோமா என்றும் சோதிப்பார்கள். அதிலும் எனக்குத் தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றுமூன்றுதான். மனுஷக் காது அவ்வளவுதான். கட்டடத்தில் எங்களுக்குப் 'பாம்புச்செவி' என்று பெயர். நான் பெரிய செவி, அவள் சின்னச் செவி.

இவ்வளவு காலமாக எங்கள் தாள்களை டாக்டரம்மாவே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு வந்தார். எங்கள் பிரிவுக்குத் தலைவி அவர். கோபமாக இருந்தால் சாதாரணமாகப் பேசுவார், கவலையாக இருந்தால் சிரிப்பார். இப்போது அந்த ஒப்பிடுகிற வேலையைக் கணினிக்குக் கொடுத்துவிட்டார்கள். புதிய மென்பொருள் வந்த முதல் வாரமே எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார்.

"ஐம்பத்தாறு," என்றார். சிரித்தார்.

"மிஷின்ல ஏதோ கோளாறு டாக்டர்," என்றேன்.

"இருக்கலாம். காதுலயும் இருக்கலாம். ரெண்டு பேருக்கும் வயசு ஏறுதா இல்லையா? மாசக் கடைசில ரெண்டு பேரும் காது டெஸ்ட் எடுத்துருங்க. அதுவரைக்கும் எழுதுங்க, ஆனா உங்க தாள வச்சு நான் எந்தக் குழந்தைக்கும் முடிவு எடுக்க மாட்டேன்."

"டெஸ்ட்ல ஏதாவது வந்தா?"

"வந்தா வேற சீட்டு. கீழ டோக்கன் கவுண்டர்ல ஆள் பத்தலங்கறாங்க."

டோக்கன் கவுண்டர்! என்னிடமிருந்து காதை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் வாய்தான் என்று என் கணவர் கேலி செய்வார். கேலியில் பாதி உண்மை. படிப்பில் நான் சுமார், சமையலில் அதற்கும் கீழே, பொறுமை என்பது எங்கள் பரம்பரையிலேயே இல்லை. ஆனால் ஒரு குழந்தை 'ப' என்று சொல்லும்போது அதன் உதடு எங்கே, நாக்கு எங்கே, காற்று எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டு உட்கார்ந்து டோக்கன் கிழிப்பதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

வெளியே வந்ததும் நாத்தனார் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, டெஸ்ட் வேணாம்னு சொல்லிருங்க. நீங்க சொன்னா டாக்டரம்மா கேப்பாங்க."

"ஏன்டி வேணாம்?"

"சும்மாதான். வேணாமே."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நான் முடிவு கட்டிவிட்டேன். சின்னச் செவிக்குத்தான் காது போயிருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் வந்தது நிம்மதி. பரிதாபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அன்று மாலை நான் அவளிடம் சண்டையே போடவில்லை. அவள் திருப்பிப் போட்ட துணியைத் திருப்பாமல் விட்டேன். டீ போட்டு நானே மாடிக்கு எடுத்துப் போனேன். என் கணவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். மாடியில் அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"பயப்படாத. உன் சீட்டு போகாம நான் பாத்துக்கறேன்," என்றேன்.

"அண்ணி, நீங்க..." என்று ஆரம்பித்தாள். அப்புறம் நிறுத்திவிட்டாள். கண் கலங்கியிருந்தது. பாவம், எப்படிப் பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி அவள் தலையைத் தடவிவிட்டுக் கீழே வந்தேன்.

அடுத்த வாரம் ஐம்பத்தெட்டு. இந்தத் தடவை நான் சும்மா இருக்கவில்லை. எந்தெந்த இடத்தில் வேறுபட்டோம் என்று கணினி சொல்கிறதோ, அதை எல்லாம் அச்செடுத்துக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினேன். இடது பக்கம் என் எழுத்து, வலது பக்கம் அவள் எழுத்து, நடுவில் சிவப்பில் 'வேறு' என்று ஒரு முத்திரை. பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றேதான். அவளும் 'ப'வின் தலையில் அலை போட்டிருக்கிறாள், கீழே வளையம் போட்டிருக்கிறாள். நானும் அதையேதான் போட்டிருக்கிறேன். அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. என் வேலை முழுக்க மூக்கைப் பற்றியது, கோபமும் எனக்கு மூக்கு நுனியில்தான். தாள்களை வாரிக்கொண்டு மாடி ஏறினேன்.

மென்பொருள்காரர் மருத்துவமனை மேல்தளத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். நாற்பது வயது, முன்தலை வழுக்கை, யார் கத்தினாலும் தலையாட்டுகிற நல்ல மனுஷன். தாளை அவர் விசைப்பலகை மேலேயே வைத்தேன்.

"இதுல என்ன வித்தியாசம்னு சொல்லுங்க தம்பி. காது போச்சுன்னீங்க சரி. எனக்குக் கண்ணும் போயிருச்சா?"

அவர் பார்த்தார். "பாத்தா ஒண்ணாத்தான் இருக்கு மேடம்."

"அப்புறம் ஏன் உங்க மிஷின் வேறங்குது?"

அவர் திரையில் எதையோ திறந்தார். எங்கள் எழுத்துகள் காணாமல் போய் எண்ணும் எழுத்துமாக வரிசை வரிசையாக வந்தன. கணினிக்குள்ளே எழுத்து தனி, அதன் தலைமேல் இருக்கும் குறி தனி, காலடியில் இருக்கும் குறி தனியாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். நாம் தட்டிய வரிசையில் அவை ஒன்றன்பின் ஒன்றாகப் போய் நிற்கும், திரையில் காட்டும்போதுதான் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூடிக்கொள்ளும். அவர் கொஞ்ச நேரம் விரலால் தடவிப் படித்தார். பிறகு தன் தலையில் தானே தட்டிக்கொண்டார்.

"நீங்க எப்பவும் மேல இருக்கற குறிய முதல்ல அடிக்கறீங்க. அப்புறம்தான் கீழ இருக்கறது. அவங்க கீழ இருக்கறத முதல்ல அடிச்சுட்டு மேலதுக்குப் போறாங்க."

"அதனால என்ன?"

"நீங்க தொப்பி போட்டுட்டுச் செருப்பு மாட்டறீங்க. அவங்க செருப்பு மாட்டிட்டுத் தொப்பி போடறாங்க. தெருவுல பாத்தா ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் நடந்து வருவீங்க. மிஷின் தெருவுல நின்னு பாக்கல மேடம், வீட்டுக்குள்ள நின்னு பாத்துருக்கு."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. பாருங்கள், இதிலும் அவள் எனக்கு எதிர்த் திசைதான்.

"யார் எந்த வரிசைல போட்டாலும், எல்லாத்தையும் ஒரே வரிசையா அடுக்கிட்டுத்தான் ஒப்பிடணும். அதுக்கு விதி இருக்கு. நான்தான் அந்த ஒரு வரிய எழுதாம விட்டுட்டேன்," என்றார்.

"ஒரு வரிக்காக ரெண்டு பொம்பளைங்களச் செவிடாக்கிட்டீங்களே, நல்லா இருப்பீங்க!" என்று பொரிந்து தள்ளினேன். அவர் தலையாட்டிக்கொண்டே அந்த வரியை எழுதி, மறுபடி ஓட்டினார். முதல் வாரத்துக்குத் தொண்ணூற்றொன்று என்று வந்தது. இந்த வாரத்துக்குத் தொண்ணூற்றெட்டு.

அவர் மேஜையைத் தட்டினார். டாக்டரம்மாவைப் போனில் கூப்பிட்டார். டாக்டரம்மா மாடி ஏறி வந்து திரையைப் பார்த்து, "நான்தான் உங்களச் சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க," என்றார். "டெஸ்ட்டெல்லாம் வேணாம். நிறுத்தி வச்ச தாளையெல்லாம் நாளைக்குக் காலைலயே கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்." அந்தத் தளத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். என் நாத்தனாரும் சத்தம் கேட்டு வந்திருந்தாள். சுவரில் சாய்ந்து நின்று பெருமூச்சு விட்டாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை.

அந்தச் சந்தோஷம் படி இறங்கும்வரைதான் இருந்தது. என் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த எண் மனசில் முள்ளாகக் குத்த ஆரம்பித்தது. தொண்ணூற்றெட்டு. எங்கள் இருவருக்கும் உச்சமே தொண்ணூற்றிரண்டு. என்னோடு நானேகூட அவ்வளவு ஒத்துப்போனது கிடையாது. இரண்டு தனித்தனி மனுஷக் காது அப்படி ஒத்துப்போகாது. இது இரண்டு காது இல்லை, ஒரு காது.

என் தாளைப் பார்த்து எழுதுகிறாள்! அதுதான் எனக்கு முதலில் தோன்றியது. காது போனதை மறைக்க என்னைக் காப்பியடிக்கிறாள். ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனால் யோசித்தால் அதற்கு வழியில்லை. இருவரும் அனுப்பி முடிக்கும்வரை ஒருவர் தாளை மற்றவர் திறக்கவே முடியாது. அதை மட்டும் அந்த மென்பொருள்காரர் ஒழுங்காகச் செய்திருந்தார்.

சரி, ஒரு பதிவை எடுத்து இரண்டு தாளையும் வரி வரியாகப் பார்ப்போம் என்று இந்த வாரத்துப் பதிவு ஒன்றைத் திறந்தேன். ஆறு வயதுப் பெண் குழந்தை. குரலில் நல்ல கலகலப்பு. "பாப்பா பட்டம் பிடி" என்று சொல்லச் சொன்னால், கூடவே "பட்டம் எங்க?" என்று கேட்கிற ரகம். என் தாளில் புள்ளி வைத்த அலை ஒன்றுகூட இல்லை. அவள் தாளிலும் இல்லை. கேட்டேன். ஆமாம், கசிவே இல்லை. நல்ல தையல். எங்கள் கணினியில் ஒலியைப் படமாகக் காட்டுகிற வசதி ஒன்று உண்டு. நான் அதைத் தொடுவதே இல்லை, காதால் எழுதுகிறவளுக்குப் படம் எதற்கு என்று ஒரு கர்வம். அன்று ஏனோ அதைத் திறந்தேன்.

'ப' சொல்ல உதடு மூடியிருக்கும் நேரத்தில் படம் வெறும் வெள்ளையாக இருக்க வேண்டும். காற்று வெளியே வர வழி இல்லை அல்லவா. இதில் வெள்ளையாக இல்லை. மேலே, கீச்சுச் சத்தங்கள் விழுகிற உச்சியில், பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்த மாதிரி சாம்பல் நிறம். ஒவ்வொரு 'ப'விலும், ஒவ்வொரு 'ட'விலும். காற்று கசிகிற சத்தம் எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில்.

மறுபடி கேட்டேன். சத்தத்தைக் கூட்டினேன். ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். வேறு ஹெட்போன் எடுத்து மாட்டினேன். குழந்தை "பாப்பா" என்றது. தெளிவாக, சுத்தமாக, ஒரு குறையும் இல்லாமல். கண்ணுக்குத் தெரிந்தது எனக்குக் காதில் விழவே இல்லை.

எங்கள் வீட்டு பிரிட்ஜ் நினைவுக்கு வந்தது. கதவை மூட மறந்தால் கீ கீ என்று கத்தும். அந்த மணி கெட்டுப்போய்விட்டது, ஆளைக் கூப்பிடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் கணவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்துபோய்க் கதவை மூடிவிட்டு வருவார். அந்தப் பார்வையை நான் ஆளைக் கூப்பிடச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.

பக்கத்து அறைச் சுவரைத் தட்டினேன். அவள் வந்தாள்.

"உள்ள வா. கதவ மூடு."

அவளை என் நாற்காலியில் உட்காரவைத்து, என் ஹெட்போனை அவள் காதில் மாட்டி, அதே இடத்தை ஓடவிட்டேன்.

"என்ன கேக்குது?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் திறந்திருந்தது. "நல்லாத்தான் இருக்கு அண்ணி," என்றாள்.

"என்னப் பாத்துச் சொல்லு."

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் வயரை விரலில் சுற்றினாள்.

"கசியுது," என்றாள்.

"எவ்வளவு?"

"நல்லா. எல்லா 'ப'லயும். 'ட'லயும்."

"நீ ஏன் போடல?"

அவள் ஹெட்போனை மேஜைமேல் வைத்தாள்.

"கேக்கறேன்ல? உனக்குக் கேட்டிருக்கு. நீ ஏன்டி போடல?"

"போன வருஷம் ஆரம்பிச்சுது," என்றாள். என்னைப் பார்க்காமலேதான் பேசினாள். "மொதல்ல எப்பவாவது ஒண்ணு. நான் போட்டிருப்பேன், நீங்க போட்டிருக்க மாட்டீங்க. அப்புறம் அடிக்கடி. டாக்டரம்மா ரெண்டு தாளையும் வச்சுப் பாக்கும்போது உங்க தாளப் பாத்துப் புருவத்தத் தூக்குவாங்க. எனக்கு அது தாங்கல அண்ணி. ஒவ்வொரு புள்ளி வைக்கறப்பவும் உங்க மேல கோள் சொல்ற மாதிரி இருந்துச்சு. அதான்... விட ஆரம்பிச்சேன்."

"இந்த வாரம் தொண்ணூத்தெட்டு எப்படி வந்துச்சு?"

"மிஷின் ஐம்பத்தாறுன்னுச்சே. நான் சரியா விடலையோன்னு பயந்துட்டேன். டெஸ்ட்டுன்னு வேற சொல்லிட்டாங்க. எண் ஏறிட்டா டெஸ்ட்ட விட்டுருவாங்கன்னு நெனச்சேன். அதனால இந்த வாரம் முழுக்க உங்க காதா உக்காந்து எழுதினேன். இது அண்ணிக்குக் கேக்கும், இது கேக்காது, இந்த இடத்துல அண்ணிக்குச் சந்தேகம் வரும், ஆனா போட்டுருவாங்கன்னு..."

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. பெற்ற தாய்கூட என்னை இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்க மாட்டாள். என் காதில் எது விழும், எது விழாது என்று எனக்கே தெரியாததை இவள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு தெரிந்து வைத்திருக்கிறாள். ஆனால் அந்தக் காதை அவளுக்குச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்தது என்னைக் கேட்பதற்கு இல்லை.

திரையில் அந்தக் குழந்தையின் பதிவு நின்றுகொண்டிருந்தது. அதைக் காட்டினேன்.

"நாளைக்குக் காலைல இதுக்குக் கையெழுத்தாயிரும். 'வீட்டுக்குப் போகலாம்'னு எழுதிக் குடுத்துருவாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

"இதுக்கு முன்னாடி எத்தனை போச்சு?"

"தெரியும் அண்ணி." அழ ஆரம்பித்தாள். "ஒவ்வொரு குழந்தையும் எனக்குத் தெரியும். கண்ண மூடுனா அதுங்க சத்தம்தான்."

எனக்கும் அழுகை வந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது. "உனக்கு நான் முக்கியம், சரி. அந்தக் குழந்தை வாயத் தெறந்தா நாலு பேர் சிரிப்பாங்களே, அது உனக்கு ஒண்ணுமே இல்லையா? எனக்குக் காது கேக்கலேன்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா நான் செத்தா போயிருப்பேன்?"

"போயிருப்பீங்கன்னுதான் நெனச்சேன்," என்றாள்.

பக்கத்து அறையில் அவளுடைய கணினி ஏதோ செய்தி வந்ததாகச் சத்தமிட்டதா இல்லையா என்றுகூட எனக்குச் சந்தேகமாக இருந்தது. உலகத்தில் எந்தெந்தச் சத்தமெல்லாம் எனக்குச் சொல்லாமல் போய்விட்டது என்று நினைத்தபோது பயமாக இருந்தது. என்றாலும், எழுந்துகொண்டேன்.

"வா. டாக்டரம்மா கெளம்பறதுக்குள்ள போயிருவோம். என் காதப் பத்தி நான் சொல்றேன். நீ பண்ணினத நீயே சொல்லு."

அவள் சொல்லமாட்டாள் என்று நினைத்தேன். சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல், நடுவில் நிறுத்தாமல் சொன்னாள். டாக்டரம்மா கைப்பையைத் தோளில் மாட்டியபடியே நின்று கேட்டார். பிறகு பையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். சிரிக்கவே இல்லை.

"போன வருஷத்துப் பதிவு முழுக்க வெளியாள் வச்சு மறுபடி கேக்கச் சொல்றேன். வீட்டுக்கு அனுப்புன குழந்தைங்க எல்லாரையும் திரும்ப வரச் சொல்லணும்," என்றார். பேசும்போதே நாளைக்கு அனுப்பக் கட்டிவைத்திருந்த தாள்களை எடுத்துப் பிரித்தார். பிறகு என் நாத்தனாரைப் பார்த்து, "உங்கள என்ன பண்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல," என்றார். அவள் தலைகுனிந்தபடி நின்றாள். கடைசியாக என்னிடம் திரும்பினார். "நீங்க இப்பவே கீழ காது டெஸ்ட்டுக்குப் போங்க. நான் சொல்லி வைக்கறேன்."

படி இறங்கும்போது எனக்கு ஒரு நப்பாசை. வெறும் அழுக்காக இருக்கலாமே. காதுக்குள் அழுக்குச் சேர்ந்து அடைத்துக்கொள்வது நடக்கிற கதைதானே. செவிப் பரிசோதகர் அமைதியான பெண்மணி, என் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க," என்று பாராட்டினார். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

சத்தம் நுழையாத சின்ன அறைக்குள் என்னை உட்காரவைத்தார். ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தான் வைத்த ஒரு குழாயைக் கொடுத்தார். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அவர் வெளியே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் கருவி முன்னால் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் என் நாத்தனார் வந்து நின்றாள். கருவியில் அவர் எப்போது எதைத் தொடுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

முதலில் அடித்தொண்டைச் சத்தங்கள் வந்தன. லாரி ஹாரன் மாதிரி கேட்டன. அழுத்தினேன். அவை தேய்ந்து தேய்ந்து நூலாகும்வரை விடாமல் அழுத்தினேன், பழைய பெரிய செவியாக. பிறகு சத்தங்கள் மேலே ஏறின. மேலே ஏறி, எங்கேயோ போய்விட்டன. அமைதி. அந்த அமைதியில் கண்ணாடிக்கு அப்பால் நாத்தனாரின் மோவாய் லேசாக உயர்ந்தது. என் கட்டைவிரல் அழுத்தியது. செவிப் பரிசோதகர் தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டார். மறுபடி அமைதி. மறுபடி அந்த மோவாய். மறுபடி அழுத்தினேன்.

அவள் தெரிந்து செய்தாளா, தன்னையறியாமல் செய்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. இன்னும் நான்கைந்து முறை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். என் காது நல்ல காது என்று கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொண்டு நாளைக்கே என் அறைக்குப் போய்விடலாம்.

கையை உயர்த்தினேன். செவிப் பரிசோதகர் பேச்சுப் பொத்தானை அழுத்தி, "என்ன?" என்றார்.

"இப்ப அழுத்துனது ரெண்டும் தப்பு. கேக்கல. முதல்லேருந்து வைங்க," என்றேன்.

எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். சுவர் முழுக்கச் சாம்பல் நிற ஸ்பாஞ்ச். அடித்தொண்டைச் சத்தங்கள் வந்தன, அழுத்தினேன். அதற்கு மேலே வந்ததற்கும் அழுத்தினேன். அப்புறம் அந்த அமைதி வந்தது. சோதனை முடிந்துவிட்டதா, அல்லது இந்த நொடியிலும் ஏதோ ஒன்று என் காதுக்குள் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் அவள் முகம் அதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை. கட்டைவிரலைப் பொத்தானின் மேல் வைத்தபடி, அவர்கள் வந்து கதவைத் திறக்கும்வரை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.